கருவி காணும்; கைகொடுப்பது யார்?

ஜப்பான் நாட்டு முதியோர் இல்லங்களிலே புதுக் காவற்காரன் ஒருவன் குடியேறியிருக்கிறான். அவன் உறங்குவதில்லை, ஊதியம் கேட்பதில்லை, சங்கம் சேருவதுமில்லை. கட்டில் மெத்தைக்கு அடியிலே ஒரு பட்டை: படுத்திருப்பவரின் மூச்சையும் இதயத் துடிப்பையும் உணர்ந்து, அவர் உறங்குகிறாரா, விழித்தாரா, எழுந்துவிட்டாரா என்று சொல்கிறது. கட்டிலருகே தரையிலே ஒரு விரிப்பு: கால் பட்டதும் மணி அடிக்கிறது. சுவரிலே ஒரு காமிரா: சில இல்லங்களில் முகத்தைக் காட்டாமல் நிழலுருவை மட்டும் காட்டுகிறது. எல்லாச் செய்தியும் இரவுப் பணியாளரின் கைபேசிக்கு வந்து சேருகிறது.

கருவிக்கு நாம் பகைவரல்லர். முதுகுச் சுமையை இறக்கிவைக்கும் எந்த இயந்திரத்தையும் தொழிலாளி வரவேற்பான். அதைக் காட்டி அவன் சோற்றிலே கைவைக்கும்போதுதான் எதிர்த்து நிற்பான். இந்தக் கருவியால் விளையும் நன்மையையும் நாம் மறைக்கவில்லை. மணிக்கொரு முறை கதவைத் திறந்து, விளக்கைக் காட்டி, உறங்கும் கிழவரை எழுப்பிவிட்டு, "நன்றாக உறங்குகிறீர்களா?" என்று பார்க்கும் கொடுமை குறைகிறது. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார் என்று அஞ்சி முதியவரைக் கட்டிலோடு கட்டிவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, தவிர்க்க முடியாத நேரம் தவிர மற்றபடி கட்டக்கூடாது என்று தடை வந்தது. கயிற்றுக்குப் பதிலாகக் கருவி வந்தால் அது நல்லதே.

ஆனால் தோழர்களே, மணி அடிக்கிறது. அடித்த பிறகு?

மூதாட்டி எழுந்துவிட்டார் என்று கருவி சொல்லும். அவர் தோளைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுமா? நனைந்த துணியை மாற்றுமா? "பயப்படாதீர்கள் அம்மா, நான் இருக்கிறேன்" என்று கையைப் பற்றிக்கொள்ளுமா? செய்தி சொல்வது கருவி. சேவை செய்வது மனிதர். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் மணி அடித்தால், இருக்கும் ஒரே பணியாளர் எந்த அறைக்கு ஓடுவார்?

இது கற்பனைக் கேள்வியல்ல. அந்நாட்டிலே சிறு சிறு பிரிவுகளாக அமைந்த முதியோர் இல்லங்களில், இரவிலே இரண்டு பிரிவுக்கு ஒரு பணியாளர் என்பதுதான் விதி. பிரிவுக்குச் சுமார் 10 பேர். ஆக, 20 முதியவருக்கு ஒருவர்! இந்தக் குறைந்த அளவுக்கு மேல் இன்னொருவரை வைக்கும் இல்லத்துக்குக் காப்பீட்டிலிருந்து கூடுதல் தொகை தரப்பட்டது. 2018-இல் திருத்தம் வந்தது: கருவி வைத்த இல்லத்தில் அந்த இன்னொருவர் முழு ஆளாக இருக்க வேண்டியதில்லை, 0.9 ஆள் போதும்! 2021-இல் மறு திருத்தம்: எல்லோருக்கும் கருவி வைத்துவிட்டால் 0.6 ஆளே போதும்! 2024-இல் இன்னொன்று: பராமரிப்போடு கூடிய கட்டண இல்லங்களில் மூவருக்கு ஒரு பணியாளர் என்றிருந்த இடத்தில், கருவிகளைப் பயன்படுத்தினால் 0.9 போதும்! பராமரிப்பு தேவைப்படும் 90 பேர் வாழும் இல்லத்திலே 30 பணியாளர் இருந்த இடத்தில் 27 பேர். மூவர் போன இடம் எங்கே? மெத்தைக்கு அடியிலே!

பணியின் தரம் குறையாது, பணியாளர் சுமை கூடாது என்று காட்டினால்தான் இந்தச் சலுகை என்று சர்க்கார் நிபந்தனை விதித்திருப்பது உண்மை. ஆனால் ஏட்டிலே எழுதிய நிபந்தனை இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருமா? பணியாளரின் களைப்பை அளக்க எந்த மெத்தைக்கு அடியிலே பட்டை வைத்திருக்கிறார்கள்?

"ஆளே கிடைக்கவில்லை, என்ன செய்வது?" என்பார்கள். கிடைக்கவில்லைதான். 2022-இல் அங்கே பராமரிப்புப் பணியாளர் சுமார் 21,50,000 பேர். 2040-இல் 27,20,000 பேர் தேவைப்படுவர் என்பது சர்க்காரின் மதிப்பீடு. ஏன் வரவில்லை? மற்றத் தொழில்களின் சராசரியைவிட ஊதியம் குறைவு, இடுப்பொடியும் வேலை, இரவு விழிப்பு. இல்லங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்தை நிர்ணயிப்பதோ அதே சர்க்கார்! கூலியைக் குறைவாக வைத்துவிட்டு ஆளில்லை என்பதும், ஆளில்லை என்று சொல்லி விதியைத் தளர்த்துவதும் எந்த ஊர் நியாயம்?

வேறு வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவிலே முதியோர் இல்லங்களின் அவலத்தை விசாரித்த ராயல் கமிஷன், 2019-இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்கு "புறக்கணிப்பு" என்றே தலைப்பிட்டது. 2021-இல் இறுதி அறிக்கை வந்தது. அதன் பின் அந்நாடு மனித நேரத்தை எண்ணத் தொடங்கிற்று. 2023 ஜூலை முதல் பகலும் இரவும் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. அவ்வாண்டு அக்டோபர் முதல் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 200 நிமிடப் பராமரிப்பு. 2024 அக்டோபர் முதல் 215 நிமிடம். நேரடிப் பராமரிப்புப் பணியாளரின் குறைந்தபட்ச ஊதியமும் 2023 ஜூன் 30 முதல் 15 சதவிகிதம் உயர்ந்தது. அங்கே குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் எதை எண்ணுவது என்பதிலே இருக்கிறது கொள்கை. ஒருவர் மனிதரின் நிமிடத்தை எண்ணினார். மற்றவர் மனிதரையே பின்னமாக்கினார்!

இன்னொன்றும் உண்டு. காமிரா முதியவரை மட்டுமா பார்க்கிறது? பணியாளரையும் பார்க்கிறது. முதியவரை அடிப்பவன் பிடிபடட்டும். நமக்கு அதிலே மறுப்பில்லை. ஆனால் 20 பேருக்கு ஒருவரை நிறுத்திய நிர்வாகியின் அறையிலே காமிரா இல்லை. தாமதமாக வந்த பணியாளர் படத்திலே தெரிவார். அவரைத் தாமதமாக்கிய கணக்கு எந்தப் படத்திலும் தெரியாது.

இது அயல்நாட்டுச் செய்திதானே என்று ஒதுக்கவும் முடியாது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நம் நாட்டு இளைஞரும் அங்கே பராமரிப்பு வேலைக்குச் செல்ல வழி திறந்திருக்கிறது. மணி அடித்தால் ஓடப்போகும் அந்த ஒருவர், நாளை நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே நாம் கேட்பது இது: முதியவரின் சம்மதமின்றி அவர் அறையிலே காமிரா கூடாது. குளியலறையும் கழிப்பறையும் எவர் கண்ணுக்கும் திறக்கக் கூடாது. எழுந்தவரை உடனே படுக்கவைக்கும் மணியாகக் கருவி மாறினால், அது கண்ணுக்குத் தெரியாத கயிறு, அது கூடாது. பதிவுகளை யார் பார்ப்பது என்பதைத் தொழிலாளர் சங்கத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியைக் கருவி என்று எண்ணுங்கள், ஆளென்று எண்ணாதீர்கள்.

ஆயுள் முழுதும் உழைத்து, நாட்டை நிமிர்த்திவிட்டுத் தாம் கூனிப்போனவர்கள் அந்தக் கட்டில்களிலே படுத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது ஒரு முழு மனிதரின் துணை. அதிலே பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அது கடனே. அந்தக் கடனை இயந்திரம் தீர்க்காது!