விளக்கின் அடியில் இருள்

மாலைப் படிப்பு வேளையில் திடீரென மின்சாரம் நின்றுவிட்டால், வகுப்பறை முழுவதும் "ஓ"வென்று ஓர் ஓசை எழுவதை நாம் அனைவரும் அறிவோம். சிறிது நேரத்தில் விளக்கு எரிகிறது, இருண்டதையும் மறந்துவிடுகிறோம். ஆனால் மறக்க வழியின்றி, ஒவ்வோர் இரவையும் இருளிலேயே கழிப்போர் இவ்வுலகில் எத்தனை பேர்? 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி 66 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் சகாரா பாலைவனத்திற்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்பவர்கள். விறகையும் சாணத்தையும் கரியையும் நம்பி அடுப்பு மூட்டுவோரோ உலகில் 200 கோடிக்கும் அதிகம். அந்த விறகைச் சுமப்பவர்களும், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களும் நம் வயதுச் சிறுமியருமே.

இந்நிலையை மாற்ற உலக நாடுகள் முயலாமல் இல்லை. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 இலக்குகளில் ஏழாவது, 2030க்குள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் நம்பத்தக்க எரிசக்தி கிடைக்கச் செய்வது. 2024இல் உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் இணைந்து 'மிஷன் 300' என்னும் திட்டத்தை அறிவித்தன. 2030க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்கு மின் இணைப்பு தருவது அதன் நோக்கம். 2025 ஜனவரியில் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி அதற்கு உறுதி பூண்டனர்.

நல்ல செய்திதான், மனமார வரவேற்கிறோம். எனினும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கம்பி சென்ற இடமெல்லாம் ஒளியும் சென்று சேர்ந்துவிடுமா? இதற்கு விடை காண நாம் கானா நாட்டின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1957இல் விடுதலை பெற்ற கானாவின் தலைவர் குவாமே இன்க்ரூமா, வோல்டா ஆற்றின் குறுக்கே அக்கோசோம்போ என்னுமிடத்தில் ஒரு பேரணை கட்ட விரும்பினார். தொழில் வளர்ந்தால் நாடு தலைநிமிரும் என்பது அவர் கனவு. உலக வங்கியும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடன் தந்தன. 1961இல் தொடங்கிய பணி 1965இல் முடிந்தது. மனிதர் உருவாக்கிய ஏரிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வோல்டா ஏரி பரந்து விரிந்தது. அதற்காக ஏறக்குறைய 80,000 பேர் தங்கள் ஊரையும் வயலையும் முன்னோர் கல்லறைகளையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

மின்சாரம் பிறந்தது. யாருக்குப் போயிற்று? அதில் பாதிக்கும் மேலானதைத் தேமா துறைமுகத்தில் அமெரிக்க நிறுவனங்கள் நிறுவிய அலுமினிய ஆலை மிகக் குறைந்த விலைக்கு நெடுங்கால ஒப்பந்தத்தின்படி வாங்கிக்கொண்டது. கானாவின் மண்ணிலேயே அலுமினியத் தாது இருந்தும், ஆலைக்கு வேண்டிய மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தே கப்பலில் வந்தது. அணைக்காக இடம்பெயர்ந்தோர் குடியமர்த்தப்பட்ட ஊர்கள் பலவும் நீண்ட காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. விளக்கின் அடியில் இருள் என்பார்களே, அது இதுவன்றோ?

"தொழிற்சாலை வராவிட்டால் கடனை எப்படி அடைப்பது? வேலை எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆலை மின்சாரத்தை வாங்குவதாக உறுதி கூறியிராவிட்டால் கடனே கிடைத்திராது, அணையும் எழுந்திராது. பெரிய திட்டங்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் யாருடைய நிலம் மூழ்கியதோ அவர்களுடைய வீடு கடைசியில்தான் ஒளி பெறும் என்றால், அந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்றே சொல்கிறோம்.

அந்தப் பிழையைத் திருத்த முடியும் என்பதையும் அதே கானா காட்டியிருக்கிறது. 1989இல், 2020க்குள் நாடு முழுவதற்கும் மின்சாரம் என்ற திட்டத்தை அது மேற்கொண்டது. அப்போது மின்சாரம் பெற்றிருந்தோர் மக்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவே. உலக வங்கியும் பிற நாடுகளும் இதற்கும் உதவின. ஆனால் இம்முறை கிராமங்கள் கையேந்தி நிற்கவில்லை. மின்பாதைக்கு 20 கிலோமீட்டருக்குள் இருந்த ஓர் ஊர், தெருக்கம்பங்களைத் தானே தேடிக்கொண்டு, குறிப்பிட்ட பங்கு வீடுகளிலாவது கம்பி இழுத்துத் தயாராக இருந்தால், மற்றவற்றை அரசு கொடுத்து முன்னதாகவே இணைத்தது. ஊரார் கூடிப் பணம் திரட்டினார்கள், கம்பம் நட்டார்கள். 2020இல் மக்களில் 85 விழுக்காட்டினருக்கு மேல் மின்சாரம் பெற்றிருந்தனர். உதவி வெளியிலிருந்து வந்தது. முயற்சி ஊருக்குள்ளிருந்து வந்தது. இரண்டும் கைகோத்தபோதே இருள் விலகியது.

வெளியிலிருந்து வருவதை மட்டுமே நம்பியிருப்பது எத்துணை ஆபத்து என்பதற்கும் சான்று உண்டு. 2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா 'பவர் ஆப்பிரிக்கா' என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். 2025இல் அந்நாட்டு அரசு வெளிநாட்டு உதவிகளைக் குறைத்தபோது அதுவும் நிறுத்தப்பட்டது. கொடுப்பவர் மனம் மாறினால் பெறுபவர் என் செய்வார்?

நம் நாட்டிலேயே வேறொரு வழியைக் காண்கிறோம். ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் 1972இல் தொடங்கிய 'வெறுங்கால் கல்லூரி', ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து வந்த தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் ஆறு மாத காலம் சூரிய விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. இந்திய அரசும் அதற்குப் பொருளுதவி செய்தது. அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். ஆசிரியரின் மொழியும் அறியாதவர்கள். வண்ணங்களையும் சைகைகளையும் கொண்டே பாடம் நடந்தது. ஊர் திரும்பிய அவர்கள் தங்கள் குடிசைகளில் விளக்கேற்றினார்கள். விளக்கு கெட்டால் அதைச் சரிசெய்ய நகரத்து நிபுணரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார்! ஒரு சிறு விளக்கு பேராலையை ஓட்டாதுதான். ஆனால் ஒரு சிறுமியின் புத்தகத்திற்கு ஒளி தரும்; ஒரு தாய்க்குத் தன்னம்பிக்கை தரும்.

ஆதலின், 30 கோடி என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து நாம் மகிழ்ந்துவிடலாகாது. முதலில் யார் வீட்டில் விளக்கு எரிகிறது? கட்டணத்தைக் கூலித் தொழிலாளி செலுத்த முடிகிறதா? அடுப்புப் புகையும் அகன்றதா? பழுது வந்தால் பார்க்க அவ்வூரிலேயே ஆள் உண்டா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால்தான் அத்திட்டம் வென்றது எனலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலிலும், ஏழை நாடுகளுக்கு முதன்மையான கடமை வறுமையை ஒழிப்பதே என்றும், மாசு குறைந்த எரிசக்தியை அவை அடைய, உலகை மாசுபடுத்தி வளர்ந்த நாடுகள் உதவ வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அது பிச்சையன்று, நீதி.

மரக்காலுக்கு அடியில் வைக்கப்பட்ட விளக்கைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம். சிலர் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் அமரலாம். சிலர் அருட்சகோதரிகளாகித் தொலைதூர நாடுகளுக்குப் பணிபுரியச் செல்லலாம். எங்கிருந்தாலும் ஒரு திட்டம் நம் கைக்கு வரும்போது, அதன் ஒளி கடைசி வீட்டையும் எட்டுமா என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். இன்று ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவதிலிருந்து அந்தப் பொறுப்புணர்வைப் பழகிக்கொள்வோமாக.