இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

அம்பத்தூரிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். பத்தொன்பது வயது மகளுக்குக் கழுத்தோரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு நெறிக்கட்டி, வலியில்லை. மாலைதோறும் காய்ச்சல், உடல் மெலிவு. இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் தெளிவாக உள்ளது. இரத்தச் சோதனைச் சீட்டில் ஈ.எஸ்.ஆர். 85, ஹீமோகுளோபின் 9. "இரத்தத்தில் காசநோய் இருக்கிறதாம். மகளுக்குத் தட்டும் தம்ளரும் தனியே வைத்துவிட்டேன். சரிதானா?" என்று கேட்கிறார்.

அம்மா, அந்தத் தட்டை முதலில் மற்றத் தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். காசக்கிருமி, நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது காற்றின் வழியே பரவுவது. தட்டில் ஒட்டிக்கொண்டு வருவதன்று. நெறிக்கட்டியில் மட்டும் தங்கிய காசம் வீட்டாருக்குத் தொற்றுவதில்லை. மேலும், மகளுக்கு இருப்பது காசந்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்தி, சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பதே ஈ.எஸ்.ஆர். உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் சில புரதங்கள் மிகுகின்றன. அணுக்கள் அடுக்கிய நாணயங்கள்போல் ஒட்டி விரைந்து இறங்குகின்றன. மூட்டுவாதத்திலும், வேறு தொற்றுகளிலும், கருவுற்ற காலத்திலும் இவ்வாறே நிகழும். காசம் இருந்தும் இந்த எண் உயராதவர்களும் உண்டு. வீட்டில் புகை தெரிகிறது. எரிவது எதுவென்று தெரியவில்லை, அவ்வளவே.

இரத்தக் குறைவும் அத்தகையதே. நெடுநாள் தொற்றில் உடல் தன் இரும்புச் சத்தைக் கிருமிக்கு எட்டாதபடி பூட்டி வைத்துக்கொள்கிறது. முருங்கைக்கீரையும் டானிக்கும் தந்து மாதக்கணக்கில் காத்திருப்பது நம் குடும்பங்களின் வழக்கம். கீரை நல்லதுதான், ஆனால் முதுகெலும்பில் காசம் இருக்குமானால், அந்தக் காத்திருப்பில் கால்கள் செயலிழந்துவிடக்கூடும். தட்டணுக்கள் மிகுவதும், ஆல்புமின் குறைவதும் இந்நோயில் காணப்படுபவையே. அவையும் நோயின் பெயரைச் சொல்லா.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசத்தைக் கண்டறிவதாகச் சொன்ன சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேண்டாமென்றது. 2012இல் நம் அரசு தடையே விதித்தது.

ஆகவே, கட்டியிலிருந்தே ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டிவிடும். ஒன்றை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்: சதைத்துண்டு எடுத்தால் முழுவதையும் ஃபார்மலினில் இட்டுவிடக் கூடாது, கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு பகுதியை உப்பு நீரில் அனுப்ப வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி அரசு மருத்துவமனைகளை அணுகலாம். தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் உணவுக்காக மாதம் 1000 ரூபாயும் உண்டு. வீட்டிலிருந்தே உண்ணும் மருந்து சானடோரிய வாசத்துக்கு நிகரான பயன் தரும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது, 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையமே. முதுகெலும்புக் காசத்துக்கும் நெறிக்கட்டிக் காசத்துக்கும் குறுகிய கால மருந்து முறைகளைப் பின்னர் அந்நிலையம் ஆராய்ந்தது.

மருந்து தொடங்கினால் இரத்தச் சோதனைக்கு வேலை வருகிறது: சர்க்கரை, எச்.ஐ.வி. பார்க்கவும், வாந்தியோ மஞ்சட்காமாலையோ தோன்றினால் கல்லீரலை அறியவும். சிகிச்சையின் நடுவே கட்டி சற்றுப் பெருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிச் சோதனையின் முடிவு வந்ததும் நமக்கு எழுதுங்கள்.