ஹெச்.பி. மட்டும் போதுமா? விசிறியையும் கொஞ்சம் பாருங்க சாமி!

கவிதை, சினிமா, அரசியல்னு போய்க்கிட்டிருக்கிற பக்கத்துல இன்னைக்கு கொஞ்சம் பெட்ரோல் வாசனை அடிக்கும். பொறுத்துக்கங்க மக்கா :-)

ஃபைபர் படகு வச்சிருக்கிற ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வி என்னவா இருக்கும்? "உங்க எஞ்சின் எத்தனை ஹெச்.பி.?" அந்த ஹெச்.பி.யை தண்ணியில இறக்குறது விசிறி, அதாங்க ப்ரொப்பல்லர். அதைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடுறதில்லை. எஞ்சினோட பெட்டியில என்ன வந்துச்சோ அதுதான் கடைசி வரைக்கும். உடைஞ்சா "அதே சைஸ் ஒண்ணு குடுங்கண்ணே", அவ்வளவுதான். விக்கிறவரும் உங்க படகு என்ன எடை, என்ன சுமை ஏத்துவீங்கன்னு கேக்கறதில்லை.

என் கட்சி இதுதான்: படகு இழுக்கலைன்னு பெரிய எஞ்சினுக்குக் கடன் வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற எஞ்சினுக்குச் சரியான விசிறி மாட்டிப் பாருங்க.

விசிறியில ரெண்டு எண் இருக்கும். உதாரணமா 9.25 × 10. ரெண்டும் அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம். ரெண்டாவது பிட்ச். மரத்துல ஸ்க்ரூ இறங்குற மாதிரி, ஒரு சுத்துக்கு விசிறி எவ்வளவு தூரம் முன்னால போகணும்ங்கறதுதான் பிட்ச். தண்ணி மரம் இல்லையே, வழுக்கும். அதனால அந்த முழுத் தூரம் எப்பவும் கிடைக்காது.

பைக் ஓட்டுறவங்களுக்கு இன்னும் சுலபமாப் புரியும். பிட்ச்ங்கறது கியர் மாதிரி. ட்ரிபிள்ஸ் ஏத்திக்கிட்டு, மடியில அரிசி மூட்டையையும் வச்சுக்கிட்டு, கொடைக்கானல் மலையில டாப் கியர்ல ஏறினா வண்டி என்ன பாடு படும்? சுமைப் படகுக்குப் பெரிய பிட்ச் மாட்டுறதும் அதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் 5500 ஆர்.பி.எம்.ல ஓடுது. கியர் விகிதம் 2.08. அப்போ விசிறி நிமிஷத்துக்குச் சுமார் 2640 சுத்து. பிட்ச் 10 அங்குலம்னா, வழுக்கலே இல்லாம மணிக்கு 40 கி.மீ. போகணும். ஆனா தண்ணியில படுற நீளம் 25 அடி இருக்கிற படகு, வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நாலு ஆளு எல்லாம் ஏத்தி, தண்ணிக்கு மேல எழும்ப முடியாமப் போனா, மணிக்கு 12 கி.மீ.யைத் தாண்டவே திணறும். 40 எங்க, 12 எங்க! அந்த இடத்துல தேவை வேகம் இல்லை, தள்ளுற பலம். அதாவது பிட்ச் குறைவான, முடிஞ்சா விட்டம் கொஞ்சம் கூடின விசிறி.

சரி, எது சரியான விசிறின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ப்ளக் ஒயர்ல சுத்தி வைக்கிற சின்ன டாக்கோமீட்டர் கிடைக்குது. எஞ்சின் விலையோட ஒப்பிட்டா அது சுண்டைக்காய் காசு. வழக்கமா ஏத்துற முழுச் சுமையோட கடலுக்குப் போய், த்ராட்டிலை முழுசாத் திறந்து எண்ணைப் பாருங்க. காலிப் படகுல பார்த்துட்டு "சூப்பரா போகுது"ன்னு திரும்பி வர்றது சோதனையே இல்லை.

மேனுவல்ல முழு த்ராட்டிலுக்கு ஒரு ஆர்.பி.எம். எல்லை போட்டிருப்பாங்க. பல சின்ன எஞ்சின்களுக்கு அது 5000-லேருந்து 6000. உங்களுக்கு 4700தான் வருதுன்னா பிட்ச் அதிகம். ஒரு அங்குலம் குறைச்சா சுமார் 200 ஆர்.பி.எம். கூடும்னு வச்சுக்கலாம். 10 மாட்டியிருந்தா 8 மாட்டிப் பாருங்க. மாறா 6000-ஐத் தாண்டிக் கத்துதுன்னா பிட்ச் போதலை.

"எனக்கு எஞ்சின் சத்தமே போதும், காதாலயே சொல்லிடுவேன்"ங்கற அண்ணன்மாருக்கு ஒரு கும்பிடு. 300 ஆர்.பி.எம். குறையறது கடல் இரைச்சல்ல காதுக்குத் தெரியாது. ஆனா பெட்ரோல் கேனுக்குத் தெரியும், பிஸ்டனுக்கும் தெரியும். திணறிக்கிட்டே ஓடுற எஞ்சின் சூடாகும், கரி பிடிக்கும், சீக்கிரமே கையை விரிக்கும்.

போகும்போது காலி, வரும்போது பாரம்னா எதுக்குத் தகுந்த மாதிரி மாட்டுறது? பாரத்துக்குத்தான். காலியாப் போறப்ப த்ராட்டிலைக் கொஞ்சம் அடக்கிப் பிடிச்சா ஆர்.பி.எம். எல்லைக்குள்ள நிக்கும். பாரத்தோட வர்றப்ப இல்லாத பலத்தை எங்கேருந்து கொண்டு வர்றது? பாக் விரிகுடாவுல நம்ம கரைக்குத் திரும்புறப்ப கச்சான் காத்து எதிர்ல அடிச்சா, இது வேகப் பேச்சு இல்லை, வீட்டுக்கு வந்து சேர்ற பேச்சு.

அலுமினியமா, ஸ்டீலான்னும் ஒரு பஞ்சாயத்து உண்டு. மெலிசா, உறுதியா இருக்கிறதால ஸ்டீல்ல ஓட்டம் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். ஆனா பாறையும் பாரும் இருக்கிற ஆழமில்லாத கடல்ல என் ஓட்டு அலுமினியத்துக்கு. அடிபட்டா இறக்கை வளையும், அதோட போகும். ஸ்டீல் வளையாம நின்னா அந்த அடி கியருக்கே போயிடலாம். அதே காரணத்துக்காகச் சொல்றேன், ஷியர் பின் இருக்கிற எஞ்சின்ல அது உடைஞ்சா ஆணியைச் செருகி ஓட்டாதீங்க. உடையறதுக்குன்னே செஞ்ச பின் அது.

கடைசியா ஒண்ணு. விசிறியை அடிக்கடி கழட்டிப் பாருங்க. தூண்டில் நரம்பு ஷாஃப்ட்ல சுத்தி சீலை அறுத்துடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். படகுல ஒரு ஸ்பேர் விசிறி, ரெண்டு பின், கழட்டுற ஸ்பேனர் எப்பவும் இருக்கட்டும்.

டிஸ்கி: இதையெல்லாம் சரி பண்ணின பிறகும் படகு போகலைன்னா, அப்ப பெரிய எஞ்சின் வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன். அதுக்கும் விசிறியைப் பார்த்து மாட்டுங்க ;-)