விதியா? மூடாத கிணறா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கங்களிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் நிலம் வைத்திருப்போர் தண்ணீருக்குப் படும் கஷ்டத்தை நாம் அறிவோம். ஆழ்குழாய்க் கிணறு போடுமுன் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள், நல்ல நாள் பார்க்கிறார்கள், பூசை போடுகிறார்கள். இவ்வளவுக்கும் பணம் இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் குழாயை உருவிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு, குழிக்கு ஒரு மூடி போட மாத்திரம் பணமும் இல்லை, மனமும் இல்லை!

2019ஆம் வருஷம் அக்டோபர் 25ந் தேதி மாலை, மணப்பாறைக்கு அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. அந்தத் தீபாவளியில் ஊரூராகப் பிரார்த்தனை நடந்தது. பெரிய இயந்திரங்கள் பாறையைக் குடைந்தன. 29ந் தேதி கிடைத்தது பிணந்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை ஏசுவது நமது நோக்கமல்ல. ஆனால் அத்தனை பிரார்த்தனையாலும் ஆகாத காரியத்தை ஓர் இரும்பு மூடி செய்திருக்கும் என்பதை மறைப்பதில் யாருக்கு லாபம்?

“எல்லாம் விதி” என்போரை ஒன்று கேட்கிறோம். விதிதான் தள்ளுகிறதென்றால், மூடிய கிணற்றில் ஏன் ஒரு குழந்தையும் விழுவதில்லை?

“பெற்றவள் பார்த்துக்கொள்ள வேண்டாமா?” என்பாரும் உண்டு. அவளோ கூலிக்குக் களை பறிக்கப் போயிருக்கிறாள். பட்டாவும் எல்லைக்கல்லும் ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடும் குழந்தைக்குத் தெரியுமா? அறிவு வளராத குழந்தைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியவன் குழி வெட்டிய சொந்தக்காரனேயாவான்.

சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. கிணறு போட 15 நாளைக்கு முன்பே சொந்தக்காரர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது முள்கம்பி வேலி, குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை, வாய்க்கு இரும்பு மூடி வேண்டும். கைவிட்ட குழியை அடி முதல் தரைமட்டம் வரை மண், கல் கொண்டு நிரப்ப வேண்டும் என்று 2010லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அஜாக்கிரதையால் உயிர் போனால், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவுப்படி 5 வருஷம் வரை சிறை உண்டு. குடும்பத்தார் நஷ்டஈடு கேட்க 1855ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

ஆனால் தண்டனையும் நஷ்டஈடும் பிள்ளை போன பிறகு வருபவை. ஆகவே தோழர்களே, முதலில் உங்கள் கொல்லையிலும் காட்டிலும் உள்ள குழியை மூடுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்குச் சுவர் எழுப்புங்கள். பிறகு அண்டை நிலத்தாரிடம் மரியாதையாய்ச் சொல்லுங்கள். கேளாவிட்டால் ஊராட்சிக்கும் கலெக்டருக்கும் எழுதிக் கொடுங்கள். செத்த பிறகு கூடி அழுவதைவிட, முன்னதாக ஒரு மூடி போடுவதே மனிதத் தன்மையாகும்.