பிழை யாருடையது?

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் இல்லங்களில் ஒரே பேச்சு: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது? அண்மையில் அத்தகைய பேச்சொன்றின் நடுவே நாமும் அமர்ந்திருந்தோம். கணிப்பொறிப் பொறியியலில் பட்டம் பெற்ற பெண்ணொருத்தி, மனித–கணிப்பொறி ஊடாட்டம் என்னும் துறையில் மேற்படிப்புப் படிக்க விரும்பினாள். அதன் கோட்பாடுகளை ஆழ்ந்து கற்க வேண்டும் என்றாள். அவையில் மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டார்: “கோட்பாடு சோறு போடுமாம்மா? இன்னும் இரண்டு கணிப்பொறி மொழியைப் படித்துக்கொள். வேலை கிடைக்கும்.” அனைவரும் தலையசைத்தனர். பெண் வாய்மூடிக்கொண்டாள்.

நாமும் அன்று வாளாவிருந்தோம். அது நம் குற்றம். அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்கிறோம்.

அந்தப் பெரியவரையே சான்றாக அழைப்போம். சில திங்களுக்கு முன் அவர் இணையவழியே ஒரு விண்ணப்பத்தை நிரப்ப முயன்றார். இயற்பெயரைக் கேட்டது, எழுதினார். குடும்பப் பெயரைக் கேட்டது. நம்மவருக்கு ஏது குடும்பப் பெயர்? தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டார், பொறி ஏற்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டார்; சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்றது. தந்தையின் பெயரை முழுமையாக எழுதினார். பிற ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. “எனக்குக் கணிப்பொறி தெரியாதப்பா” என்று எழுந்துவிட்டார். அறுபது ஆண்டுகளாகத் தம் பெயரைப் பிழையின்றி எழுதி வந்த மனிதர், தம் பெயரிலேயே பிழை செய்தவராக வெட்கி நின்றார்.

பிழை யாருடையது? இந்த வினாவிலிருந்து பிறந்த கல்வியைத்தான் ‘சோறு போடாத கோட்பாடு’ என்று அவரே தள்ளினார்!

இவ்வினா கணிப்பொறி வீடுகளுக்கு வருமுன்பே எழுந்ததாகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி–17 குண்டுவீச்சு விமானங்கள் பல, பத்திரமாகத் தரையிறங்கிய பின் வயிற்றைத் தரையில் மோதிக்கொண்டன. இறக்கைத் தட்டுகளை மடக்க வேண்டிய விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். ‘விமானியின் பிழை’ என்று எழுதி ஏட்டை மூடினர். அல்போன்ஸ் சாப்பனிஸ் என்னும் உளவியலார் விமானியின் அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. சக்கரத்துக்குரிய விசையில் சக்கர வடிவமும், தட்டுக்குரியதில் ஆப்பு வடிவமும் பொருத்தச் செய்தார். கை தடவிய மாத்திரத்தில் வேறுபாடு தெரிந்தது. அந்தப் ‘பிழை’யும் ஒழிந்தது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அது மூடிவிட்டதாகவே காட்டியது. ‘மூடு’ என்ற ஆணை போய்ச் சேர்ந்ததை மட்டுமே அவ்விளக்கு அறியும்; வால்வு மூடியதா என்பதை அறியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அணு உலையின் நடுப்பகுதி ஓரளவு உருகியது. இத்தகைய அவலங்களுக்கு 1980–களில் டொனால்ட் நார்மனும் அவர்தம் தோழர்களும் ஒரு விளக்கம் தந்தனர். மனிதனுக்கும் பொறிக்கும் இடையே இரண்டு பள்ளங்கள் உள்ளன. நினைத்ததைப் பொறியைக் கொண்டு செய்விப்பது எப்படி என்பது ஒரு பள்ளம். பொறி செய்ததை மனிதன் அறிந்துகொள்வது எப்படி என்பது மற்றொன்று. அணு உலையின் விளக்கு இரண்டாம் பள்ளத்தில் வீழ்த்தியது; நம் பெரியவர் முதற் பள்ளத்திலேயே வீழ்ந்தார். பள்ளத்துக்குப் பெயரிட்ட பின்னரே பாலம் கட்ட முடியும். கோட்பாடு என்பது அந்தப் பெயரிடுதலே.

‘சோறு போடுமா?’ என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் நைனெக்ஸ் என்னும் தொலைபேசி நிறுவனம், தன் இயக்குநர்களுக்குப் புதிய கணிப்பொறி மேசைகளை வாங்க எண்ணியது. விசை அழுத்தங்கள் குறையும், வேலை விரையும் என்றனர் விற்போர். வேய்ன் கிரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் ஆகிய மூவர் மனிதச் செயலை நொடிக் கூறுகளாகப் பகுத்துக் கணக்கிடும் கோட்பாட்டைக் கொண்டு ஆய்ந்து, புதிய மேசையில் வேலை தாமதமாகும் என்றனர். யாரும் எளிதில் நம்பவில்லை. களத்தில் சோதித்தபோது ஒவ்வோர் அழைப்பும் அரை நொடிக்கும் சற்றுக் கூடுதலாகவே நீண்டது! காரணத்தையும் கோட்பாடே காட்டிற்று. மிச்சமான விசை அழுத்தங்கள், வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்டுச் சும்மா இருக்கும் வேளையைச் சேர்ந்தவை. கூடிய ஓர் அழுத்தமோ அழைப்பை முடிக்கும் வேளையில் வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் இழப்பு தவிர்ந்தது. இந்த ஆய்வு 1993–இல் வெளிவந்தது. இது சோறு இல்லையென்றால் வேறெது சோறு?

‘கோட்பாடு பழசாகிவிடும்’ என்பார் உளர். பழசாவது கருவியே. பால் ஃபிட்ஸ் 1954–இல் ஒரு விதி கண்டார்: தொட வேண்டிய இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால், கை அதை எட்ட நேரம் கூடும். கணிப்பொறிச் சுட்டெலியை உலகம் 1968–இல்தான் கண்டது. 1978–இல் அதனைச் சோதித்தபோது அதே விதி பொருந்தியது. இன்று கைப்பேசித் திரையைத் தொடும் விரலுக்கும் பொருந்துகிறது. பெரியவர் படிக்கச் சொல்லும் மொழிகளோ பத்தாண்டு கழித்து எந்நிலையில் இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. நிரல் எழுதும் பணியில் ஒரு பகுதியைப் பொறியே செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது. பொறி தரும் விடையை மனிதன் எந்த அளவு நம்பலாம் என்று ஆராய்வோரின் தேவை பெருகுமே தவிரக் குறையாது.

‘இவையெல்லாம் மேனாட்டுக் கோட்பாடுகள், நமக்குப் பொருந்துமா?’ என்றொரு கேள்வியும் உண்டு. இது நேர்மையான கேள்வி. இதனை அத்துறையினரே கேட்டுக்கொண்டனர். மனிதன் திட்டமிட்டபடியே செயற்படுவான் என்ற கருத்தை, ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய மானிடவியலார் லூசி சச்மன் 1987–இல் நூலெழுதி மறுத்தார். நகலெடுக்கும் பொறியின் முன் மக்கள் தடுமாறுவதை அவர் படமாக்கியிருந்தார். தடுமாறியவருள் ஒருவர், கணிப்பொறி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலன் நியூவெல்! கோட்பாட்டைக் கற்றவரே கோட்பாட்டை எதிர்க்க வல்லவர். கல்லாதவர் பிறர் வகுத்த கட்டத்துள் தம் பெயரைத் திணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் முன்னோர் அப்படித் திணித்துக்கொண்டவர்கள் அல்லர். மக்தபில் ஓதி அரபு எழுத்தை அறிந்த நம் தாய்மார் பலர் தமிழ் எழுத்தை அறியாதிருந்தனர். அவர்களைக் குறை கூறாமல், அவர்கள் அறிந்த எழுத்திலேயே தமிழை வடித்துத் தந்தனர் நம் ஆலிம்கள். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்தனர். 19–ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அந்த அரபுத்தமிழில் நூல்கள் செய்தனர். கருவியை மனிதனுக்கேற்ப வளைப்பது என்னும் இத்துறையின் உயிர்க்கொள்கை நம் இல்லங்களில் நடைமுறையாக இருந்தது. இன்றோ தமிழ் வாக்கியத்தின் நடுவே ஓர் அரபுத் தொடரைத் தட்டெழுதினால் அடைப்புக்குறி இடம் மாறுகிறது. எண் எங்கோ போய் நிற்கிறது. வலமிருந்து வருவதும் இடமிருந்து செல்வதும் ஒரே வரியில் சந்திக்கும்போது எழுதுவோரின் கண்ணும் கையும் படும் பாட்டை யார் ஆராய்வது? நம் பிள்ளைகள் ஆராயாமல் எவர் ஆராய்வார்?

இப்னுல் ஹைதமின் பெயரை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஒளி கண்ணை வந்தடைவதோடு காட்சி முடிவதில்லை. கண்டது இன்னதெனத் தெளிய மனத்தின் தீர்ப்பும் வேண்டும் என்று 11–ஆம் நூற்றாண்டிலேயே அவர் விளக்கினார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாமே, மனிதன் காண்பதையும் கருதுவதையும் ஆராயப் புறப்படும் பெண்ணிடம் ‘சோறு போடுமா?’ என்கிறோம். இந்த முரண்பாடு நமக்கு உறைக்கவில்லையா?

கல்லூரிகள்மீதும் குறையுண்டு. பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இது விருப்பப் பாடங்களுள் ஒன்றாக ஒரு மூலையில் கிடக்கிறது. இலக்கணங்களை மனனம் செய்து தேர்வோடு மறந்துவிடுகின்றனர் மாணவர். அம்மாணவர்களை ஒரு நாள், விண்ணப்பம் நிரப்பும் முதியவர் அருகே அமர்த்துங்கள். கோட்பாடு தானே விளங்கும். 1951–இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் கண்ட சமுதாயம் இது. இக்கல்விக்கு உரிய இடத்தை ஏற்படுத்தித் தர அதனால் இயலாதா?

அந்தப் பெண்ணின் வாப்பாவுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் மகளைப் படிக்க விடுங்கள். தன் பெயரையே பிழையென்று சொல்லும் பொறியின் முன் இன்னொரு முதியவர் தலைகுனியாதிருக்க அவள் வழி காண்பாள், இன்ஷா அல்லாஹ்.