இழை அறுந்தால்...

ஓரிக்கை பஸ் ஸ்டாப் சுவரில் 'காணவில்லை' நோட்டீஸ். குழந்தை முகத்தில் பாதியை சினிமா போஸ்டர் விழுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தறிக்காரர் சொன்னார்: "பாவுல ஒரு இழை அறுந்தா, அங்கயே தறிய நிறுத்தி முடி போடணும் சார். ரெண்டு முழம் ஓட்டிட்டுத் தேடுனா சேலையே போச்சு."

சென்னை புளியந்தோப்பில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இதுதான். 1999-ல் ஒரு ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைக் காணோம். இரண்டு வயதுகூட ஆகவில்லை. கடத்தல் கும்பல் சிக்கியது 2005-ல். அதற்குள் பையன் பொய்ப் பத்திரத்தோடு, தத்துப்பிள்ளையாக நெதர்லாந்து போயாகிவிட்டது என்றது போலீஸ். பெற்றவர்கள் அந்த ஊர் கோர்ட்டில் கேட்டது, 'அவன் எங்க பிள்ளைதானா?' என்று பார்க்க ஒரு டி.என்.ஏ. பரிசோதனை. 2010-ல் அதற்கும் மறுத்துவிட்டார்கள். பத்து வருஷம் ஓடினால் பிள்ளையின் பாஷையே மாறிவிடுகிறது சார்.

2013-ல் நம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: குழந்தை காணாமல் போனால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், கடத்தல் என்று வைத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும், நாலு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். ஆகவே ஸ்டேஷனில் யாராவது, "சொந்தக்காரங்க வீட்ல பாருங்க, நாளைக்கு வாங்க" என்றால் நகராதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும்வரை பெஞ்சிலேயே உட்காருங்கள். 1098-க்கும் ஒரு போன் போடுங்கள்.

பஸ் வந்தது. தறிக்காரர் ஏறுவதற்குமுன் போஸ்டர் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு.

குழந்தையின் முகம் முழுசாகத் தெரிந்தது.