சேமிக்க ஒரு கோப்பு, கேட்க ஒரு கோப்பு

எம்பி3 போதுமா, ஃப்ளாக் வேண்டுமா என்று இசைப் பிரியர்கள் இருவர் பேச ஆரம்பித்தால், பேச்சு காதில்தான் போய் நிற்கும். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது என்பார் ஒருவர். ஒன்றும் தெரியவில்லை என்பார் மற்றவர். தெரியவில்லை என்பவர் பக்கமே நியாயம் அதிகம். 320 கிலோபிட்டில் ஒழுங்காகத் தயாரித்த எம்பி3-ஐயும் சிடியில் இருந்த மூலத்தையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால், பெரும்பாலோர் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்வார்கள். அப்படியிருந்தும், சொந்தமாகப் பாட்டுச் சேர்ப்பவர் ஃப்ளாக்கில் சேர்ப்பதே சரி. சேர்த்து வைத்த கோப்பை இன்னும் இருபது, முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை உருமாற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. அதற்குக் காதால் பதில் சொல்ல முடியாது.

உரத்த ஒலி கேட்கும்போது அதை ஒட்டியுள்ள மெல்லிய ஒலி நமக்கு எட்டுவதில்லை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் பங்களித்து உருவான எம்பி3, இந்தப் பலவீனத்தை நம்பியே வேலை செய்கிறது. எட்டாது என்று கணக்குப் போட்டதை எறிந்துவிடும். 5 நிமிடப் பாட்டு சிடியில் ஏறக்குறைய 53 எம்பி. 128 கிலோபிட் எம்பி3-ல் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். 700 எம்பி வட்டு ஒன்றில் 12 மணி நேரப் பாட்டு கொள்ளும். ஒரே சிடியில் 150 பாட்டு என்று நடைபாதைக் கடைகளில் விற்றார்களே, அது இந்தக் கணக்குதான். ஆனால் எறிந்தது எறிந்ததுதான். அந்த எம்பி3-ஐப் பிறகு ஏஏசிக்கோ ஓபஸுக்கோ மாற்றினால், புதிய முறை மிச்சமிருப்பதிலிருந்து இன்னொரு பங்கை எறியும். முந்தைய முறை விட்டுச்சென்ற கறையையும் இசை என்றே எடுத்துக்கொள்ளும். கடம், கஞ்சிரா, மிருதங்கத்தின் சாப்பு போன்று சட்டென்று வெடித்து எழும் ஒலிகளில் இது முதலில் தெரியும். தட்டு விழுவதற்கு ஒரு நொடித்துளி முன்பே அதன் நிழல்போல ஓர் இரைச்சல் கசியும். யூடியூப் பாட்டை '320 கிலோபிட்' எம்பி3 ஆக்கித் தருவதாகச் சொல்லும் தளங்கள் செய்வதும் இதைத்தான். அங்கே இருப்பதே ஏற்கெனவே சுருக்கிய ஏஏசி அல்லது ஓபஸ். எண் பெரிதாகிறது, பாட்டு இன்னும் கொஞ்சம் தேய்கிறது. பழைய எம்பி3-ஐ ஃப்ளாக் ஆக்குவதிலும் பயனில்லை, இடம்தான் வீண்.

ஜோஷ் கோல்சன் 2001-ல் வெளியிட்ட ஃப்ளாக் எதையும் எறிவதில்லை. அதே 53 எம்பி பாட்டு 30 எம்பி அளவுக்குச் சுருங்கும். விரித்தால் ஒரு பிட் குறையாமல் மூலம் அப்படியே திரும்பும். எனவே நாளை எந்தப் புது முறை வந்தாலும் முதல் நகலை எடுப்பதுபோலவே எடுக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் வந்துவிட்டதால், எந்த ஒரு நிறுவனத்தின் தயவையும் நம்பி இது நிற்கவில்லை. வேவ் கோப்பிலும் இழப்பு இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஃப்ளாக் தனக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்திருக்கிறது. பத்து வருடம் கழித்து வன்தட்டில் ஏதாவது கோப்பு கெட்டிருந்தால், கேட்டுப் பார்க்காமலே கண்டுபிடித்து, இன்னொரு பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். வேவில் அந்த வசதி இல்லை. பாட்டின் பெயர், பாடியவர் பெயரை எழுதிவைக்கவும் அது தோதுப்படாது. ஃப்ளாக்கில் இந்த விவரங்கள் யூனிகோடிலேயே பதிவாவதால் தமிழில் எழுதுவதற்குத் தடை இல்லை. எம்பி3-யின் ஆரம்பகாலக் குறிப்பு முறையோ தலைப்புக்கு 30 பைட்டுக்கு மேல் இடம் தராது, யூனிகோடும் அறியாது.

இடம் அடைக்கும் என்பது பழைய காலத்து ஆட்சேபம். 1 டெராபைட் வன்தட்டில் முப்பதாயிரம் பாட்டுக்கு மேல் ஃப்ளாக்கிலேயே கொள்ளும். பழைய கார் ஸ்டீரியோ ஃப்ளாக்கைப் படிக்காது, போனில் இடம் இல்லை என்பவை நியாயமான குறைகள். அவற்றுக்கு எம்பி3 நகலோ ஓபஸ் நகலோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நகல் அழிந்தால் கவலை இல்லை, மூலம் வீட்டில் இருக்கிறது. ஐபோன்காரர்கள் ஃப்ளாக்கை ஆப்பிளின் அலாக் வடிவத்துக்கு மாற்றினால் அதிலும் இழப்பு கிடையாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மாதச் சந்தாவில் கோடிக்கணக்கான பாட்டு கிடைக்கும்போது சேர்ப்பது எதற்கு? ஆப்பிள் மியூசிக் 2021-லிருந்து இழப்பில்லா ஒலியைச் சந்தாவுக்குள்ளேயே தருகிறது. தரம் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் சந்தா நின்றால் 'டவுன்லோட்' செய்த பாட்டும் பூட்டிக்கொள்ளும். உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாட்டே பட்டியலிலிருந்து காணாமல் போகும். காசு கொடுத்து வாங்கியதற்கே உத்தரவாதம் இருந்ததில்லை. எம்எஸ்என் மியூசிக்கில் விற்ற பாட்டுகளுக்குத் திறப்பு அனுமதி வழங்குவதை நிறுத்தப்போவதாக 2008-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே கெடுவை நீட்டித்தது. சந்தா கேட்பதற்கு நல்லது. அதைச் சேமிப்பு என்று நினைப்பதில்தான் சிக்கல்.

ஃப்ளாக்கே நல்லதென்றால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லதல்லவா என்று கடைகள் ஆசை காட்டும். கேட்பதற்கு அது தேவையில்லை. மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ், சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அதை முழுதாகப் பிடித்துவிடுகிறது. 24 பிட்டுக்கு உண்மையான வேலை வீட்டு கேசட்டுகளை மாற்றும்போது வருகிறது. சபாவில் பிடித்த கச்சேரியோ வானொலியிலிருந்து எடுத்த ஒலிப்பதிவோ ஒலி அளவு ஏறி இறங்கித்தான் இருக்கும். அளவைத் தாழ்வாகவே வைத்துப் பதிந்து பிறகு உயர்த்த 24 பிட் இடம் கொடுக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். பதிந்ததை இரைச்சலோடு அப்படியே ஃப்ளாக்கில் வைத்துவிட்டு, இரைச்சல் நீக்குவதை நகலில் மட்டும் செய்யுங்கள். இன்றைய மென்பொருள் இரைச்சலோடு தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்து வழித்தெடுத்துவிடக் கூடும். இதைவிடத் திறமையான மென்பொருள் வரும்போது, அதனிடம் கொடுக்க அந்த முதல் பதிவு வேண்டும்.